எழுந்து நிற்காதவர்கள்: விளையாட்டுக் களத்தில் தேசிய கீதமும் பேச்சுரிமையும் (1918–2021)

முன்னுரை

1918 செப்டம்பர் 5. சிகாகோவின் காமிஸ்கி பூங்கா மைதானம். பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் சிகாகோ கப்ஸும் மோதிக்கொண்டிருந்தன. முதல் உலகப் போர் முடிந்திருக்கவில்லை. முந்தைய நாள்தான் அதே நகரத்தின் மத்திய அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்து நான்கு பேர் இறந்திருந்தனர். கூட்டம் 20,000-ஐக்கூட எட்டவில்லை. வந்தவர்களிடமும் உற்சாகம் இல்லை. ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் ரசிகர்கள் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தபோது பேண்டு வாத்தியக் குழு ‘ஸ்டார் ஸ்பாங்கிள்டு பேனர்’ பாடலை வாசிக்கத் தொடங்கியது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து பாஸ்டனுக்காக ஆடிய ஃபிரெட் தாமஸ், கொடியைப் பார்த்துத் திரும்பி சல்யூட் அடித்தார். அரங்கில் ஒருவர் பாட, இன்னொருவர் சேர்ந்துகொள்ள, முடிவில் மைதானம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது.

அந்தப் பாடல் அன்று அமெரிக்காவின் தேசிய கீதமாக இருக்கவில்லை. சட்டப்படி அது அப்படி ஆனது 1931 மார்ச் 3 அன்று. நாடு தன் கீதத்தை முடிவுசெய்வதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே மைதானம் அதற்கு எழுந்து நின்றுவிட்டது.

98 ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 26 அன்று, கலிஃபோர்னியாவின் லீவைஸ் ஸ்டேடியத்தில் அதே பாடல் ஒலித்தபோது ஓர் ஆட்டக்காரர் தண்ணீர்க் குடங்களுக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் காலின் கேப்பர்னிக். அதன் பிறகு எழுந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: இது பேச்சுரிமையா, அவமதிப்பா?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கிறது. தேசிய கீதத்தின்போது எதிர்ப்புக் காட்டிய விளையாட்டு வீரர்களின் நூறாண்டு வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அவர்கள் பெற்ற தண்டனைக்கும் அவர்கள் செய்த சைகையின் கடுமைக்கும் தொடர்பில்லை. அந்தச் சடங்கு யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே தண்டனை அமைந்தது. அரசுப் பள்ளியின் கையில் இருந்தபோது, 1943 முதல், மாணவர் காப்பாற்றப்பட்டார். முதலாளியின் கையிலோ ஒலிம்பிக் குழுவின் கையிலோ இருந்தபோது வீரர் தனித்து விடப்பட்டார். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கீதம் மைதானத்துக்கு வந்த வழி

ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ இந்தப் பாடலை எழுதியது 1814-இல், பால்டிமோர் அருகே மெக்ஹென்றி கோட்டை மீது பிரிட்டிஷ் கடற்படை குண்டு பொழிந்த இரவுக்குப் பின். போரில் பிறந்த பாடல் போர்க் காலங்களிலேயே வேர் பிடித்தது. 1918-இல் சிகாகோவில் கிடைத்த வரவேற்பைக் கண்டு, தொடர் பாஸ்டனுக்கு மாறியபோது அங்கே ஆட்டத்துக்கு முன்பே அதை வாசித்தார்கள். ஆனாலும் அது தினசரி வழக்கமாகிவிடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கீதம் என்ற பழக்கம் நிலைபெற்றது இரண்டாம் உலகப் போரின்போதுதான். ஒலிபெருக்கி மலிந்தபின் பேண்டு வாத்தியக் குழுவின் செலவும் மிச்சமாயிற்று.

போர் முடிந்த 1945-இல் தேசியக் கால்பந்து லீக்கின் (என்.எஃப்.எல்.) ஆணையர் எல்மர் லேடன், அமைதி வந்துவிட்டது என்பதற்காகக் கீதத்தைக் கைவிடக் கூடாது என்றும், பந்தை முதல் உதை உதைப்பதைப் போல அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். போர்க்கால ஏற்பாடு இவ்வாறு அமைதிக்கால மரபானது.

மரபு என்ற சொல்லைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. 2009 வரை, தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் ஒளிபரப்பான என்.எஃப்.எல். ஆட்டங்களில் கீதம் ஒலிக்கும்போது ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையிலேயே இருப்பது வழக்கம். ஒளிபரப்பின் நேரக் கணக்கு அப்படி. 2009-க்குப் பிறகே அவர்கள் களத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கத் தொடங்கினர். கேப்பர்னிக் மீறியதாகச் சொல்லப்பட்ட அந்தக் காட்சிக்கு அப்போது வயது ஏழு.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். செனட்டர்கள் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் இருவரும் 2015 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மைதானங்களில் ராட்சதக் கொடி விரிப்பது, படைவீரர்களைக் கௌரவிப்பது, கீதம் பாட வைப்பது போன்ற நிகழ்வுகள் அடங்கிய ஒப்பந்தங்களுக்குப் பாதுகாப்புத் துறை 68 லட்சம் டாலர் செலவிட்டிருந்ததை அது அம்பலப்படுத்தியது. ரசிகர்கள் தானாகப் பொங்கிய நாட்டுப்பற்று என்று நினைத்துக் கைதட்டியவற்றில் சில, கட்டணம் பெற்று நடத்தப்பட்ட ஆள்சேர்ப்பு விளம்பரங்கள். என்.எஃப்.எல். 2016 மே மாதம் 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. கேப்பர்னிக் உட்கார்ந்தது அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்.

2. பள்ளிக்கூடத்தில் பிறந்த உரிமை

எழுந்து நிற்காமல் இருக்கும் உரிமையை அமெரிக்காவில் முதலில் வென்றவர்கள் பள்ளிச் சிறுவர் சிறுமியர். விளையாட்டு வீரர்கள் அந்தக் கதைக்கு வெகுகாலம் கழித்தே வருகிறார்கள்.

பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த அக்காவும் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததால் 1935-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1940-இல் உச்ச நீதிமன்றம் 8–1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. தேச ஒற்றுமையை வளர்க்கும் வழி எது என்று முடிவுசெய்வது பள்ளி நிர்வாகத்தின் வேலை, நீதிமன்றம் அதில் தலையிடலாகாது என்று நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதினார். அடுத்த சில வாரங்களில் பல மாநிலங்களில் யெகோவாவின் சாட்சிகள் தாக்கப்பட்டனர். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய வழிபாட்டு மன்றம் தீக்கிரையானது.

அன்றைய கொடி வணக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டால் இந்த வழக்கின் கூர்மை புரியும். வலது கையை விறைப்பாக முன்னால் நீட்ட வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியில் நீட்டிய கைக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். இந்த ஒற்றுமை சங்கடமாகிப்போனதால் 1942 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் வணக்க முறையையே மாற்றி, நெஞ்சில் கைவைக்கச் சொன்னது. இன்று தொன்றுதொட்டு வந்ததாகத் தோன்றும் அந்தச் சைகை ஒரு திருத்தச் சட்டத்தின் விளைவு.

1943 ஜூன் 14 அன்று, அமெரிக்கர்கள் கொடி நாள் கொண்டாடும் அதே தேதியில், உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது. மேற்கு வர்ஜீனியா கல்வி வாரியம் எதிர் பார்னெட் என்ற அந்த வழக்கில் 6–3 பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். அரசியலிலோ மதத்திலோ நாட்டுப்பற்றிலோ இதுதான் சரியான கருத்து என்று விதித்து, அதைச் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொள்ளும்படி குடிமக்களைக் கட்டாயப்படுத்த எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம். ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் போர்முனையில் இருந்த நேரத்தில் வந்த தீர்ப்பு இது.

இதே கேள்வி 1985-இல் நம் பக்கத்து மாநிலத்திலும் எழுந்தது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியில் ‘ஜன கண மன’ ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு வழக்கில் 1986 ஆகஸ்ட் 11 அன்று நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் அமெரிக்க வழக்குகள் இரண்டையும் எடுத்து விவாதித்தார். எனினும் பார்னெட் தீர்ப்பின் எல்லையும் இதன் எல்லையும் வேறு. கேரளப் பிள்ளைகள் நின்றார்கள். பாடாமல் இருக்கும் உரிமையைத்தான் இந்திய நீதிமன்றம் உறுதிசெய்தது. உட்கார்ந்திருக்கும் உரிமை அங்கே கேள்வியாகவே எழவில்லை.

3. பதக்க மேடை: பெர்லின் முதல் மியூனிக் வரை

பதக்க மேடையில் வீரர் அசையாமல் நிற்க வேண்டும், கொடி ஏறும், கீதம் ஒலிக்கும். வென்றவர் தம் நாட்டின் உருவமாகிவிடும் அந்த ஒரு நிமிடத்தில், அந்த நாடு தம்முடையதல்ல என்று உணர்பவர் என்ன செய்ய முடியும்?

1936 ஆகஸ்ட் 9 அன்று பெர்லின் மாரத்தானில் தங்கம் வென்றவர் கொரியாவின் சோன் கீ-சுங். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானியச் சட்டை, ஜப்பானிய உச்சரிப்பில் பெயர், மேடையில் ஜப்பானியக் கீதம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெற்றியாளருக்குத் தந்த மரக்கன்றை மார்போடு அணைத்து, சட்டையில் இருந்த சூரியச் சின்னத்தை மறைத்துக்கொண்டார். வெண்கலம் வென்ற இன்னொரு கொரியரான நாம் சுங்-யோங்குக்கு மறைத்துக்கொள்ளக் கன்று கிடைக்கவில்லை. குனிந்த தலை மட்டுமே. சியோலின் டோங்-ஆ இல்போ நாளிதழ் அந்தச் சின்னத்தை அழித்துப் புகைப்படத்தை அச்சிட்டது. காலனி அரசு இதழை மாதக்கணக்கில் முடக்கியது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் சுடரேந்தி ஓடி வந்தபோது சோனுக்கு வயது 76.

அமெரிக்கக் கறுப்பின வீரர்களிடையே இந்த எதிர்ப்பு 1968-க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1959-இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிகளில் உயரம் தாண்டும் வீராங்கனை ரோஸ் ராபின்சன் கீதத்துக்கு எழுந்து நிற்கவில்லை. தொலைக்காட்சி அவரைப் பார்க்கவில்லை. வரலாறும் பல ஆண்டுகள் பார்க்கவில்லை.

1968 அக்டோபர் 16, மெக்ஸிகோ நகரம். 200 மீட்டரை 19.83 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்த டாமி ஸ்மித்தும் மூன்றாவதாக வந்த ஜான் கார்லோஸும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு மேடையேறினர். வறுமைக்கு அடையாளமாக அந்த வெறுங்கால். கார்லோஸ் தம் கையுறைகளைத் தங்குமிடத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். இருக்கும் ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னவர் வெள்ளி வென்ற வெள்ளையரான ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். ஸ்மித்தின் வலது கையும் கார்லோஸின் இடது கையும் உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ் முன்னின்று நடத்திய மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் சின்னம் மூவர் மார்பிலும் இருந்தது.

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் வெகுண்டார். அமெரிக்கத் தடகள அணி முழுவதையும் வெளியேற்ற நேரிடும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து, அமெரிக்க ஒலிம்பிக் குழு இருவரையும் நீக்கி அனுப்பியது. அவர்களுடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டதாக இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன. பறிபோனது பிழைப்பு. இதே பிரண்டேஜ் 1936-இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்து பெர்லின் போட்டிகளைப் புறக்கணிக்கக் கூடாது என்று வாதாடியவர். அங்கே நீட்டப்பட்ட நாஜிக் கைகளை அவர் அரசியலாகக் கருதவில்லை. மெக்ஸிகோவிலேயே அடுத்த பத்து நாளில் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஃபோர்மன் சிறிய அமெரிக்கக் கொடியை அசைத்தபடி வளையத்தைச் சுற்றி வந்தார். அதுவும் அரசியலாகப் படவில்லை. அரசியல் கூடாது என்ற விதி, அமைப்புக்குப் பிடிக்காத அரசியல் கூடாது என்றே செயல்பட்டது.

அதே மெக்ஸிகோவில், அதிகம் பேசப்படாத இன்னொரு தலைத் திருப்பல் நிகழ்ந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுத்த அறிக்கையில் கையெழுத்திட்டவர். ஆகஸ்ட் மாதம் சோவியத் டாங்கிகள் பிராகில் நுழைந்தபோது மலைக்காட்டுப் பகுதியில் ஒளிந்து, விழுந்து கிடந்த மரத்தண்டின் மேல் பயிற்சி செய்தார். மெக்ஸிகோவில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. தரைப் பயிற்சியில் சோவியத் வீராங்கனையுடன் தங்கத்தைப் பகிர வேண்டியிருந்தது. சோவியத் கீதம் ஒலித்தபோது அவர் தலையைத் தாழ்த்தி வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். முஷ்டி இல்லை, கையுறை இல்லை, ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நாடு திரும்பியபின் பயணத் தடை, வேலையின்மை என்று ஆண்டுகள் கழிந்தன. 1989-இல் ஆட்சி மாறிய பிறகே அவர் நாட்டின் ஒலிம்பிக் குழுத் தலைவரானார்.

1972 மியூனிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் முதலிரு இடம் பிடித்த வின்சென்ட் மேத்யூஸும் வெய்ன் காலெட்டும் மேடையில் தளர்வாக நின்றார்கள், பேசிக்கொண்டார்கள், கொடியை நேராகப் பார்க்கவில்லை. ஒலிம்பிக்கிலிருந்து அவர்களுக்கு ஆயுள் தடை. ஸ்மித், கார்லோஸ் செய்ததில் கால்பங்கு சைகைகூட இதில் இல்லை. தண்டனை மட்டும் குறையவில்லை.

கறுப்பின வீரர்களுக்கு பேஸ்பாலின் கதவைத் திறந்த ஜாக்கி ராபின்சனின் தன்வரலாறும் வெளிவந்தது அந்த ஆண்டில்தான். வெள்ளையர் உலகில் தாம் ஒரு கறுப்பர் என்பதை அறிந்திருப்பதால், எழுந்து நின்று கீதம் பாடத் தம்மால் இயலாது என்று அதில் எழுதினார். அவர் ராணுவ அதிகாரியாக இருந்தவர். அதற்கு முன்போ பின்போ யாரும் அவரைத் தேசவிரோதி என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

4. ஒப்பந்தத்துக்குள் அடங்கிய மனசாட்சி

1996-இல் களம் மாறுகிறது. டென்வர் நகெட்ஸ் கூடைப்பந்து அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப், கொடி அடக்குமுறையின் சின்னம் என்றும் தம் இஸ்லாமிய நம்பிக்கைக்கு அதை வணங்குவது ஒவ்வாது என்றும் கருதினார். அந்தப் பருவத்தில் பல மாதங்கள் கீதத்தின்போது உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிடுவார். அல்லது உடலைத் தளர்த்திக்கொண்டிருப்பார். யாரும் பொருட்படுத்தவில்லை. செய்தி வெளியே வந்ததும் மார்ச் 12 அன்று தேசியக் கூடைப்பந்துச் சங்கம் (என்.பி.ஏ.) அவரை இடைநீக்கம் செய்தது. ஆட்டக்காரர்கள் கீதத்தின்போது கண்ணியமாக வரிசையில் நிற்க வேண்டும் என்று அதன் விதி சொல்கிறது.

தவறவிட்ட ஓர் ஆட்டத்துக்கு அவர் இழந்த சம்பளம் 31,707 டாலர். பிறகு ஓர் இணக்கம் ஏற்பட்டது: நிற்பார், ஆனால் தலைகுனிந்து கையேந்தித் தம் இறைவனிடம் துன்பப்படுவோருக்காக வேண்டிக்கொள்வார். வெளிப் பார்வைக்கு இரு தரப்பும் வென்றதுபோல் தோன்றியது. அணியில் அதிகப் புள்ளி குவித்தவரான அவர், அந்தக் கோடையிலேயே வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் முதலாளியின் கையை அல்ல. 1943-இல் மாணவர்கள் வென்ற பாதுகாப்பு அரசுப் பள்ளியின் வாசலோடு நின்றுவிட்டது. அரங்கின் வாசலில் வீரர் கையெழுத்திட்ட ஒப்பந்தமே சட்டம். அப்துல் ரவூஃபின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாகப் படுகிறது.

5. முழங்கால்

2016 ஜூலையில் ஆல்டன் ஸ்டெர்லிங், ஃபிலாண்டோ காஸ்டில் என்ற இரு கறுப்பினத்தவர் அடுத்தடுத்த நாள்களில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய கொலைகளை எதிர்த்து, ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியின் கேப்பர்னிக் கீதத்துக்கு உட்கார்ந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் சீருடையில் இல்லாததால் யாருடைய கண்ணிலும் படவில்லை. மூன்றாவதில் ஒரு புகைப்படம் சிக்கியது.

அதன்பின் நடந்ததை விவாதத்தின் இரைச்சலில் பலர் மறந்துவிட்டனர். முன்னாள் சிறப்புப் படை வீரரும் சிறிது காலம் கால்பந்து ஆடியவருமான நேட் பாயர் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்தனர். உட்காருவதற்குப் பதிலாக ஒரு முழங்காலை ஊன்றலாம், இறந்த தோழனின் கல்லறை முன் படைவீரன் செய்வது அதுதான் என்று பாயர் சொன்னார். செப்டம்பர் 1, சான் டியாகோ. படையினரைப் போற்றும் சிறப்பு இரவாக அறிவிக்கப்பட்டிருந்த ஆட்டம். கேப்பர்னிக்கும் எரிக் ரீடும் முழங்காலை ஊன்றினர். பாயர் நெஞ்சில் கைவைத்துப் பக்கத்தில் நின்றார். படைவீரர்களை அவமதித்ததாகப் பின்னாளில் பழிக்கப்பட்ட அந்தச் சைகையை வடிவமைத்ததில் ஒரு படைவீரருக்குப் பங்கிருக்கிறது.

மூன்று நாள் கழித்து மகளிர் கால்பந்தில் மேகன் ராப்பினோ முழங்காலிட்டார். செப்டம்பர் 7 அன்று அவர் எதிர்த்து ஆடவிருந்த வாஷிங்டன் ஸ்பிரிட் அணியின் நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. இரு அணிகளும் உடைமாற்றும் அறையில் இருக்கும்போதே கீதத்தை ஒலிக்கவிட்டு முடித்துவிட்டது. கீதத்துக்கு வீரர் மரியாதை தரவில்லை என்பது புகார். தீர்வோ, வீரர்களே இல்லாத களத்தில் கீதம்.

என்.எஃப்.எல். கையேட்டின் ஒரு நுணுக்கம் இங்கே முக்கியம். கீதத்தின்போது ஆட்டக்காரர் களத்தின் ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது கட்டாயம். ஆனால் நிமிர்ந்து நிற்பது, கொடியைப் பார்ப்பது, தலைக்கவசத்தை இடக்கையில் பிடிப்பது ஆகியவை ‘செய்வது நல்லது’ என்ற அளவிலேயே எழுதப்பட்டிருந்தன. கேப்பர்னிக் எழுதப்பட்ட விதி எதையும் மீறவில்லை. அவருக்கு அபராதமும் இல்லை, இடைநீக்கமும் இல்லை. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அதன் பிறகு 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை.

2017 செப்டம்பர் 22 அன்று அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில் அதிபர் டிரம்ப், முழங்காலிடுவோரை அணி உரிமையாளர்கள் வேலையைவிட்டு விரட்ட வேண்டும் என்று வசைச்சொல்லோடு முழங்கினார். அந்த ஞாயிறு 200-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்தனர் அல்லது முழங்காலிட்டனர். சிகாகோவில் பிட்ஸ்பர்க் அணி சுரங்கப்பாதைக்குள்ளேயே இருக்க முடிவுசெய்தது. ஆப்கானிஸ்தானில் போரிட்ட அலெஹாண்ட்ரோ வில்லநுவேவா மட்டும் வாயில்வரை வந்து தனியாக நிற்பதுபோன்ற படம் நாடெங்கும் பரவியது. அவர் நாயகனாக்கப்பட்டார். மறுநாளே, தோழர்களை இக்கட்டில் விட்டுவிட்டதற்காக வெட்கப்படுவதாக அவர் சொன்னதற்கு அந்தப் படத்தின் வேகம் கிடைக்கவில்லை.

2018 மே மாதம் லீக் புது விதி கொண்டுவந்தது: களத்தில் இருந்தால் நிற்க வேண்டும், விருப்பமில்லாதவர் உள்ளேயே இருக்கலாம், மீறினால் அணிக்கு அபராதம். ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்ததால் ஜூலையில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின், 2020 ஜூன் 5 அன்று, ஆட்டக்காரர்களுக்குச் செவிசாய்க்காதது தவறு என்று ஆணையர் ரோஜர் குடெல் ஒப்புக்கொண்டார். அந்தக் காணொலியில் கேப்பர்னிக்கின் பெயர் வரவில்லை.

6. உரிமை யாருக்கு எதிராக?

2017 இலையுதிர் காலத்தின் இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கலிஃபோர்னியாவின் சான் பாஸ்குவல் பள்ளத்தாக்கில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கால்பந்து ஆட்டத்துக்கு முன் முழங்காலிட்டார். எதிரணிப் பள்ளியின் மாணவர்கள் சிலர் இனவசை பாடினர், தண்ணீரைப் பீய்ச்சியடித்தனர். உடனே பள்ளி நிர்வாகம், எல்லா மாணவரும் நிற்க வேண்டும், முழங்காலிடுவதோ உட்காருவதோ கூடாது என்று விதி போட்டது. டிசம்பரில் மத்திய மாவட்ட நீதிமன்றம் அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அமைதியாக முழங்காலிடுவது பேச்சுரிமை. எதிரே நின்றவர்கள் கலகம் செய்ததற்காகப் பேசியவரின் வாயைக் கட்ட முடியாது. 1943-இன் தீர்ப்பும், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களைக் காத்த 1969-இன் டிங்கர் தீர்ப்பும் அந்த மாணவருக்குத் துணை நின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் கேப்பர்னிக் முறையீடு செய்தார். அவர் காட்டிய ஆதாரம் முதல் திருத்தம் அல்ல. அணி உரிமையாளர்கள் கூடிப் பேசி ஓர் ஆட்டக்காரரை ஒதுக்கக் கூடாது என்ற தொழிலாளர் ஒப்பந்தப் பிரிவு. உலகமே பேச்சுரிமை என்று விவாதித்த ஒன்று, சட்டத்தின் மேசையில் கூட்டுச் சதிப் புகாராகவே வர முடிந்தது. 2019 பிப்ரவரியில் அது சமரசமாக முடிந்தது, விவரங்கள் ரகசியம். கோடிகள் சம்பாதித்தவருக்கு இல்லாத காப்பு, பள்ளி மாணவருக்கு இருந்தது.

முதலாளி தாமாகத் தண்டித்தால் முதல் திருத்தம் அவரைக் கேள்வி கேட்காது. ஆனால் தண்டிக்கும்படி ஆட்சியாளர் முதலாளியை நெருக்கினால்? 2024 மே மாதம் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பேச்சை ஒடுக்குவதற்காக மூன்றாம் தரப்பை அரசு அதிகாரி மிரட்டக் கூடாது. அறிவுரை எங்கே முடிகிறது, மிரட்டல் எங்கே தொடங்குகிறது என்பதே அதில் கேள்வி. ஹன்ட்ஸ்வில் பேச்சு இந்த அளவுகோலால் நீதிமன்றத்தில் அளக்கப்படவில்லை. கால்பந்து வீரர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு வாதத்தைத் துப்பாக்கிச் சங்கம் வென்றெடுத்தது வரலாற்றின் வேடிக்கை.

7. நின்றவரின் உரிமையும் எதிர்வாதங்களும்

எதிர்த்தவர்களின் வாதங்களையும் எடைபோட வேண்டும். போரில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு அந்தப் பாடல் அரசியலல்ல, நினைவு. ஆட்டம் பார்க்கக் காசு கொடுத்து வருபவர், அந்த மூன்று மணி நேரமாவது சண்டை இல்லாமல் கழிய வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. வீரர்களே இதில் பிளவுபட்டிருந்தனர். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வீரர் ஆணையம் 3,500-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட கருத்தாய்வில், மூன்றில் இரு பங்கினர் பதக்க மேடையில் எதிர்ப்பு வேண்டாம் என்றனர். அவ்வாண்டு களத்தில், போட்டி தொடங்கும் முன், எதிர்ப்புக் காட்ட ஒலிம்பிக் குழு அனுமதித்தது; மேடையில் தடை தொடர்ந்தது. ஜூலை 21 அன்று சப்போரோவில் பிரிட்டன், சிலி மகளிர் கால்பந்து அணிகள் முழங்காலிட்டு ஆட்டத்தைத் தொடங்கின.

உரிமையின் உண்மையான சோதனை எதிர்த் திசையிலும் வந்தது. 2020 ஜூலையில் என்.பி.ஏ. ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது ஏறத்தாழ எல்லாரும் முழங்காலிட்டனர். 1996-இல் அப்துல் ரவூஃபை இடைநீக்கம் செய்த அதே விதி புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஆணையர் அதைப் பயன்படுத்தவில்லை. ஜூலை 31 அன்று ஆர்லாண்டோ அணியின் ஜோனதன் ஐசக் தம் மத நம்பிக்கையைச் சொல்லி, தனியாக எழுந்து நின்றார். சமூக ஊடகங்களில் அவர்மீது வசை பொழிந்தது. கேப்பர்னிக்கின் முழங்காலை ஏற்பவர் ஐசக்கின் நின்ற காலையும் ஏற்றாக வேண்டும். 1943-இன் தீர்ப்பு சொன்னதும் அதுதான்: கட்டாயத்தின் திசை மாறினாலும் கட்டாயம் கட்டாயமே.

ஆனால் அடுத்த ஆண்டே எல்லையும் தெரிந்தது. டல்லஸ் மேவரிக்ஸ் அணி தன் சொந்த மைதானத்தில் கீதத்தை ஒலிக்கவிடுவதையே நிறுத்தியிருந்தது. பல ஆட்டங்கள்வரை யாரும் கவனிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் எல்லா அணிகளும் கீதம் ஒலிக்க வேண்டும் என்று லீக் உத்தரவிட்டது. முழங்காலிடலாம்; நிற்கலாம்; சடங்கே இல்லாமல் ஆடுவது மட்டும் முடியாது.

முடிவுரை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மைதானத்தில் தேசிய கீதம் என்பது போர், ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, விளம்பர ஒப்பந்தம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய பழக்கம். அதன் இன்றைய வடிவம் மிக இளையது. இரண்டாவது, குனிந்த தலை, திரும்பிய முகம், உயர்ந்த முஷ்டி, ஊன்றிய முழங்கால் எல்லாம் ஏறக்குறைய ஒரே விலையைக் கேட்டன. சைகை எவ்வளவு பணிவானதாக மாறினாலும் 2020 வரை விலை இறங்கவில்லை. மூன்றாவது, அரசு நேரடியாகக் கட்டாயப்படுத்திய இடத்தில் மட்டுமே பேச்சுரிமைச் சட்டம் வேலை செய்தது. முதலாளிகளின் கதவுக்குப் பின்னால் அது நுழையவில்லை. பதக்க மேடையில் ஏறவும் இல்லை. ஆகவே ‘பேச்சுரிமையா, அவமதிப்பா’ என்ற கேள்வியைவிட ‘யாருடைய அனுமதியோடு’ என்ற கேள்வியே ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும்.

மரியாதை காலம் கடந்து வருவதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. 2005-இல் ஸ்மித், கார்லோஸ் படித்த சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் அவர்களுக்குச் சிலை வைத்தது. 2006-இல் பீட்டர் நார்மன் இறந்தபோது அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அந்த இருவரும் இருந்தனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நார்மனிடம் மன்னிப்புக் கேட்டது 2012-இல்.

கேப்பர்னிக் கடைசியாக என்.எஃப்.எல். ஆட்டம் ஆடியது 2017 ஜனவரி 1. அப்போது அவருக்கு வயது 29.